மாவு ஆறும் வரை

அன்று மதியம் நான் கடைசியாக ஊற்றியது ஒரு கீழ்த்தாடை. பல் கிளினிக்கிலிருந்து பிளாஸ்டிக் பையில் வந்த அச்சு, நம்பர் நானூற்றுப் பதினேழு. ரப்பர் கிண்ணத்தில் தண்ணீர், அதில் ஜிப்சம் மாவு, தட்டைக் கரண்டியால் கட்டியில்லாமல் ஒரு கலக்கு. அதிரும் மேடைமேல் அச்சைப் பிடித்துக்கொண்டு, குமிழி தங்காமல் ஒவ்வொரு பல்லின் குழியிலும் மாவை இறக்கினேன். முடித்து மேசை ஓரத்தில் வைத்ததும், எதிர் மேசையிலிருந்து ஸ்டூலைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார் அத்தான்.

"ஆரம்பிக்கலாமா மச்சான்?"

நாங்கள் இருவரும் செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலை பார்த்தோம். அவர் என் அக்காவின் கணவர், என்னை அந்த வேலையில் சேர்த்துவிட்டவர். நான் மாவு ஊற்றித் தாடை எடுப்பவன். அவர் பீங்கான் பல்லுக்கு நிறம் ஏற்றுபவர். ஒரு முன்பல்லுக்கு ஏழு விதமான வெள்ளை பூசுவார். அவர் சொன்னால்தான் அது ஏழு. எங்கள் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை.

ஆறு வருடமாக எங்களுக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. 'லாங் ரிட்ரீட்' என்று ஒரு வீடியோ கேம். தோற்றுப்போன ஒரு படையை மலை, பனி, பாலம் எல்லாம் தாண்டி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முடிக்க நாற்பது மணி நேரம் ஆகும். நான் அந்தக் கட்சி. 'லீக்கி ரூஃப்' என்று இன்னொன்று. ஏழு அறை உள்ள பழைய வீடு, வெளியே அடைமழை, கையில் பதினொரு பாத்திரம். எங்கே ஒழுகுகிறதோ அங்கே பாத்திரத்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், நிரம்பினால் கொட்டிவிட்டு ஓடிவர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டே. ஆறடி உயரம், கதவில் குனிந்து நுழைகிற மனிதர், அவர் இந்தக் கட்சி.

இரண்டுக்கும் சுருக்கப் பெயர் எல்.ஆர். அந்த இரண்டு எழுத்து யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு.

எங்கள் குரூப்பில் நாலு பேர். அத்தான், நான், ஒரு கணக்கு டீச்சர், ஒரு தபால்காரர். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் லேபின் பின்னறையில் டிவி முன்னால் விளையாடக் கூடுவோம். டீச்சர் என் கட்சி. தபால்காரர் தனிக் கட்சி. 'லேடிபக் ரேஸ்' என்று பூச்சிகள் ஓடுகிற ஒரு விளையாட்டு இருக்கிறது, அதற்கும் அதே எழுத்துகள்தான், மற்ற இரண்டையும்விட வயதில் மூத்தது வேறு என்பார். "உங்க பூச்சியை யார் சார் கேட்டா" என்று மூன்று பேரும் சேர்ந்து அவரை உட்காரவைத்துவிடுவோம். மற்ற எதிலும் சேராத நாங்கள் அதில் மட்டும் ஒற்றுமை.

சட்டம் போட்டுக்கொடுத்தது அக்கா. அவள் கோர்ட்டில் கிளார்க். தினமும் காலையில் வழக்குப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பெயர் கூப்பிடுவது அவள் வேலை. விளையாட்டுகளில் அவளுக்கு ஒரு துளி ஆர்வமும் கிடையாது. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் நாங்கள் போட்ட சத்தம் தாங்காமல் மூன்று விதி சொன்னாள். ஒன்று, நாலு பேரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்ப்பு. ஒருத்தர் தலையாட்டாவிட்டாலும் வாய்தா. இரண்டு, தீர்ப்பு வருகிறவரை யாரும் அந்த இரண்டு எழுத்தைப் பேச்சிலோ மெசேஜிலோ தன் விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, முழுப் பெயர்தான். மீறினால் அந்த வாரம் எல்லோருடைய டீ கப்பையும் கழுவ வேண்டும். மூன்று, இந்தப் பேச்சு அவள் வீட்டுக்குள் வரக் கூடாது.

மூன்றாவது விதியால்தான் வழக்கு லேபுக்கு வந்தது. வேலை நேரத்தில் என்ன பேச்சு என்று முதலாளியம்மா கேட்டார். அத்தான் ஒரு வழி சொன்னார். ஊற்றிய மாவு இறுகுகிறவரை எப்படியும் அதைத் தொட முடியாது. இறுகும்போது அது தானாகச் சூடாகும், உள்ளங்கையில் வைத்தால் வெந்நீர்க் குவளை மாதிரி இருக்கும். பிறகு மெல்ல ஆறும். ஆறிவிட்டால் அச்சிலிருந்து எடுக்கலாம். மொத்தம் நாற்பது நிமிடம். அதுவரை பேச்சு, ஆறியதும் வேலை. அதே நேரத்தில் தன் பீங்கான் பல்லைச் சூளைக்குள் வைத்துவிட்டு வந்து உட்காருவார். முதலாளியம்மா சம்மதித்தார். அன்றிலிருந்து எந்த வாதமும் மாவு ஆறியதும் நின்றுவிடும். வாக்கியத்தின் நடுவில் இருந்தாலும் நின்றுவிடும்.

அந்தக் கடைசி மதியம் அத்தான் ஒரு மாதிரி அமைதியாகத் தொடங்கினார். அப்படித் தொடங்கினால் ஏதோ தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"மச்சான், ஒண்ணு கேக்கறேன். ஒரு பேரைச் சுருக்கறது எதுக்கு?"

"சீக்கிரமா சொல்றதுக்கு."

"சீக்கிரம் யாருக்கு வேணும்?"

"அவசரத்துல இருக்கறவங்களுக்கு."

"உன் படை எத்தனை மணி நேரம் நடக்குது?"

எங்கே கொண்டுபோகிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "நாற்பது" என்றேன்.

"நாற்பது மணி நேரம் பனியில நடக்கறவனுக்கு லாங் ரிட்ரீட்னு முழுசா சொல்ல நேரமா இல்ல? பாட்டாவே பாடலாம். என் ஆள் நிலைமையைப் பாரு. சமையலறையில சொட்டுது, மாடிப்படியில சொட்டுது, ஒரு கிண்ணம் நிரம்ப ஏழு செகண்ட். ஏழே செகண்ட். அவன் நின்னு முழுப் பேரு சொல்லிட்டிருந்தா வீடு மிதந்துரும். அந்த ரெண்டு எழுத்து யாருக்குத் தேவையோ அவனுக்குத்தானே சொந்தம்?"

ஆறு வருடத்தில் எத்தனையோ வாதம் கேட்டிருக்கிறேன். எது முதலில் வெளியானது, எது அதிகம் விற்றது, வெளிநாட்டில் எப்படிச் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மூக்கு நுனியில் பீங்கான் பொடி ஒட்டியிருந்தது.

நான் கையை நீட்டித் தாடையைத் தொட்டேன். நல்ல சூடு. இன்னும் கால் மணி நேரமாவது இருந்தது.

"ஆறிடுச்சு அத்தான்" என்றேன்.

சொன்னதோடு விட முடியுமா. ஆறிவிட்டது என்றால் எடுக்க வேண்டும். அவர் பார்த்துக்கொண்டிருக்க, அச்சைப் பிரித்து இழுத்தேன். 'டக்' என்று கோரைப்பல் உடைந்து அச்சுக்குள்ளேயே நின்றுவிட்டது. ஆறிய மாவு அப்படி உடையாது. புதிதாகச் சேர்ந்த பையனுக்குக்கூட அது தெரியும். இருபது வருடம் அந்த மேசையில் இருந்தவருக்குத் தெரியாமலா போகும்.

அத்தான் உடைந்த பல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஸ்டூலைத் திருப்பிக்கொண்டார்.

"சரி மச்சான். நாளைக்குப் பேசிக்கலாம்" என்று பிரஷ்ஷை எடுத்தார்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். 'நீங்க சொன்னது சரி அத்தான், நான் தோத்துட்டேன்.' ஒரு வரி. சொன்னால் வருடம் முழுக்க ஓட்டுவார், ஓட்டட்டும் என்று பஸ்ஸில் வரும்போதே முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அக்கா போன் செய்தாள். குளித்துவிட்டு வந்தவர் துண்டைக் கொடியில் போட்டிருக்கிறார். கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். நாற்பத்தேழு வயது. டாக்டர் சொன்ன காரணத்தை நான் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன், இரண்டு முறையும் மறந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். என் மேசையில் நானூற்றுப் பதினேழு அப்படியே இருந்தது, ஒரு கோரைப்பல் இல்லாமல். யாரோ ஒருவர் எங்கோ பல் இல்லாமல் கஞ்சியோ சூப்போ குடித்துக்கொண்டு காத்திருக்கிறார் என்று முதலாளியம்மா மெதுவாகச் சொன்னார். உள்ளே நின்ற பல்லைக் கெல்லி எடுத்துவிட்டு அந்த அச்சில் இன்னொரு முறை ஊற்றலாம். ஊற்றினேன். ஆறும்வரை எதிர் மேசையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிடம் என்பது இவ்வளவு நீளம் என்று அன்றுதான் தெரிந்தது.

அன்று மாலை குரூப்பில் டீச்சர் எழுதியிருந்தார்: "அண்ணனுக்காக எல்.ஆர். லீக்கி ரூஃபுக்கே இருக்கட்டும். நான் ஒத்துக்கறேன்."

ஆறு வருடத்தில் முதல் முறையாக அந்த இரண்டு எழுத்து. கப் கழுவச் சொல்லி யாரும் கேட்கவில்லை. தபால்காரர் கும்பிடும் கை ஒன்றைப் போட்டு, "நானும். பூச்சியை வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. நான் சொல்லாமல் வைத்திருந்த வரியை இப்படியாவது கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம் என்று பட்டது. "நானும் ஒத்துக்கறேன்" என்று எழுதினேன். சனிக்கிழமை கூடி, முறையாகத் தீர்ப்பு எழுதி, அவர் மேசைக்கு மேலே ஒட்டிவிடுவது என்று பேசிக்கொண்டோம்.

சனிக்கிழமை அக்காவும் வந்திருந்தாள். அத்தானின் சாமான்களை எடுத்துப்போக வந்தவள். பிரஷ் பெட்டி, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, ஒரு கிழிந்த ஸ்வெட்டர். எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பின்னறைக்கு வந்து எட்டிப் பார்த்தாள். திங்கட்கிழமைக்கு வேண்டிய ஒரு மேல்தாடையை அப்போதுதான் ஊற்றி வைத்திருந்தேன். டிவியில் 'லீக்கி ரூஃப்' ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் எண்பத்து மூன்றாம் மழைநாள் வரை வந்து நிறுத்தியிருந்ததைத் தபால்காரர் பக்தியோடு திறக்கப் போய், எந்தப் பட்டனையோ அழுத்தி, மொத்தமாக அழித்துவிட்டிருந்தார். திரையில் முதல் நாள், முதல் சொட்டு. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"விடுங்க" என்றாள் அக்கா. "எண்பத்து மூணு நாளா ஒழுகின வீடு. கொஞ்சம் காயட்டும்."

தபால்காரருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. டீச்சர் எழுந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா, ஒரு நல்ல விஷயம். நாங்க எல்லாரும் அண்ணன் பக்கமே ஒத்துக்கிட்டோம். இன்னைக்குத் தீர்ப்பு எழுதறோம்."

"தெரியும். அவர் போன் என்கிட்டதானே இருக்கு. குரூப்ல பார்த்தேன்" என்றாள் அக்கா. கையை விடுவித்துக்கொண்டு கழுவும் தொட்டியைப் பார்த்தாள். நாலைந்து கப் கிடந்தது. "டீச்சர், வியாழக்கிழமை ரெண்டு எழுத்துல எழுதியிருந்தீங்க. இதெல்லாம் இன்னும் யாரும் கழுவலையே."

டீச்சர் விழித்தார். பிறகு போய்க் குழாயைத் திறந்தார்.

அக்கா முன்னறைக்குப் போய் அத்தானின் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அது உயரம், கால் தரையைத் தொடவில்லை.

"நாலு பேர் ஒத்துக்கணும்னுதானே விதி. மூணு பேர்தான் இருக்கீங்க. நாலாவது இடம் யாருக்கு?"

"உனக்குத்தான்க்கா" என்றேன். "நீயும் சரின்னு சொன்னா முடிஞ்சது."

"எனக்கு அந்தப் பூச்சிதான் பிடிச்சிருக்கு" என்றாள்.

குழாயை மூடினார் டீச்சர்.

"அம்மா, நான் அதை வாபஸ் வாங்கிட்டேனே" என்றார் தபால்காரர்.

"நீங்க வாங்கிக்கோங்க. நான் வாங்கல. ஒரு ஆள் மாட்டேன்னு சொல்லியாச்சு. வாய்தா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவளிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. "விளையாடாதக்கா. ஆறு வருஷம் தனி ஆளா நின்னார். ஒரு தடவைகூட ஜெயிக்கல. இதையாவது அவருக்குக் குடுக்க விடு."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? அவர் சொன்னது சரி. கடைசியா சொன்னாரே, அது சரி. எனக்குப் பதில் இல்ல. அதை ஒத்துக்காம…" அதற்குமேல் எனக்கு வரவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. "மாவு ஆறலக்கா. சூடாத்தான் இருந்துச்சு. ஆறிடுச்சுன்னு பொய் சொல்லிட்டு எடுத்தேன்."

டீச்சரும் தபால்காரரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் நாலு பேருக்குள் இதைவிடப் பெரிய குற்றம் எதுவும் கிடையாது. அக்கா மட்டும் தலையைக் குனிந்து ஸ்வெட்டரை மடித்துக்கொண்டிருந்தாள்.

"கோரைப்பல் உடைஞ்சுதாமே" என்றாள்.

"உனக்கு எப்படி…"

"வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழட்டல. வாசல்ல நின்னே சொல்லிச் சிரிக்கறார். 'உன் தம்பி இன்னைக்குக் கொதிக்கற மாவை ஆறிடுச்சுன்னுட்டான், பல்லு தெறிச்சுது'ன்னு. என் வீட்டுக்குள்ள இந்தப் பேச்சு வரக் கூடாதுன்னு சட்டம் இருக்கேன்னேன். 'வாசல்லதானே நிக்கறேன்'னார். ராத்திரி சாப்பிடறப்ப தன்னால சிரிச்சு புரைக்கேறிப்போச்சு. 'விடிய விடிய யோசிப்பான். நாளைக்கு என்ன எடுத்துட்டு வரான்னு பாக்கணும்'னு சொல்லிட்டுப் படுத்தார்."

அவள் ஸ்வெட்டரைப் பைக்குள் வைத்தாள்.

"நீ ஒத்துக்கிட்டேன்னு வந்து நிப்பேன்னு அவர் நினைக்கல. அது நடந்திருந்தா ஒரு வாரம் சப்புனு இருந்திருப்பார்."

டிவியில் கிண்ணம் நிரம்பி வழிகிற சத்தம் கேட்டது. தபால்காரர் அனிச்சையாகப் பட்டனை அழுத்தி அதை நகர்த்திவைத்தார்.

"டேய், இங்க பாரு" என்றாள் அக்கா. "கோர்ட்டுல தீர்ப்பு ஆன ஃபைலை என்ன பண்றோம் தெரியுமா? கயிறு கட்டிக் கீழ ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிடுவோம். அப்புறம் எலிதான் படிக்கும். வாய்தாவுல இருக்கற கேஸை அப்படி விட முடியாது. எத்தனை வருஷம் ஆனாலும் தேதி வரும். தேதி வந்தா பேர் கூப்பிட்டே ஆகணும். நானே வாசலுக்கு வந்து மூணு தடவை கூப்பிடறேன், தினமும்." கொஞ்சம் நிறுத்தி, "இவர் பேரை நீங்க சனிக்கிழமை சனிக்கிழமை கூப்பிடுங்க. எனக்கு அது போதும்" என்றாள்.

டீச்சர் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார். அவர் துடைத்தது கையை மட்டும் இல்லை.

"அப்ப நான் ஒத்துக்கிட்டது?" என்று கேட்டேன்.

"நெஜமாவே ஒத்துக்கிட்டயா? பாவம் பார்த்தா?"

"நெஜமாத்தான்."

"அப்ப அவர் கட்சியில சேர்ந்துக்கோ. என்கிட்ட என்ன சொல்லிட்டிருக்க? டீச்சர்தான் இன்னும் அந்தப் பக்கம். அவங்ககிட்ட சொல்லு, மாவு ஊத்தியிருக்கில்ல."

"நானும்தான் ஒத்துக்கிட்டேனே அக்கா" என்றார் டீச்சர்.

"நீங்க ஒத்துக்கிட்டது பாவம் பார்த்து. அது செல்லாது."

டீச்சர் கொஞ்சம் யோசித்து, "ஆமா, செல்லாது" என்றார்.

அப்படித்தான் நான் கட்சி மாறினேன். அத்தான் சொன்னதை அவர் சொன்ன வரிசையிலேயே சொன்னேன். பெயரைச் சுருக்குவது எதற்கு, அவசரம் யாருக்கு, படை எத்தனை மணி நேரம் நடக்கிறது, கிண்ணம் நிரம்ப எத்தனை செகண்ட். ஏழே செகண்ட் என்று சொல்லும்போது அவர் மாதிரியே விரலைத் தூக்கினேன் போலிருக்கிறது, தபால்காரர் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்.

டீச்சர் கணக்கு டீச்சர். முழுதாகக் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"நாற்பது மணி நேரம் பனியில, அதுவும் மலையேறி நடக்கறவனுக்கு மூச்சு வாங்குமா வாங்காதா?"

"வாங்கும்."

"மூச்சு வாங்கறவன் நீளமாப் பேசுவானா, சுருக்கமாப் பேசுவானா?"

நான் டிவியில் ஓடுகிற ஆளைப் பார்த்தேன்.

"உங்க ஆள் வீட்டுக்குள்ளதானே ஓடறான்? ஏழு செகண்டுல இந்த அறையிலிருந்து அந்த அறை. அவனுக்கு என்ன, ஒரு வார்த்தை அதிகமா சொன்னா உயிரா போயிடும்?" சொல்லிவிட்டு டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அக்காதான் முதலில் சிரித்தாள். பிறகு எங்களாலும் சிரிக்க முடிந்தது.

எனக்குப் பதில் தெரியவில்லை. அத்தானுக்குத் தெரிந்திருக்கும். ஒரு நொடி ஸ்டூலைத் திருப்பிக்கொண்டு போய், டீ ஒரு வாய் குடித்துவிட்டு, எதையாவது எடுத்துக்கொண்டு வந்திருப்பார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கையை நீட்டி மேல்தாடையைத் தொட்டேன்.

"இன்னும் சூடாத்தான் இருக்கு" என்றேன். "கொஞ்சம் இருங்க, யோசிக்கறேன்."

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டு, காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. இப்போது எதிர் மேசையில் ஒரு பெண் பீங்கான் ஏற்றுகிறாள், எட்டு வெள்ளை தெரியும் என்கிறாள். லேபுக்கு ஸ்கேனர் வந்துவிட்டது, பாதி வேலை கம்ப்யூட்டரில் முடிகிறது. ஊற்றுகிற தாடைகள் குறைந்துவிட்டன. சனிக்கிழமைப் பேச்சுக்கு என்று ஒன்றை நான் எடுத்துவைத்துக்கொள்கிறேன். அது ஆற இன்னமும் நாற்பது நிமிடம்தான் ஆகிறது.